புது ஏர் இன்டேக் மாட்டிய பிறகு எஞ்சின் திணறினால்

(நம் சங்கத்தின் ஞாயிறு காலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையிலேயே இருக்கட்டும் என்று ஆசிரியர் குழு கேட்டுக்கொண்டதால் அதிகம் மாற்றவில்லை.)



என்னை ஏன் பேசச் சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நம் வாட்ஸ்ஆப் குழுவில் இரண்டு வாரமாக ஒரே விஷயம்தான் ஓடுகிறது. காலை ஐந்தரைக்கு உறுமிக்கொண்டு வெளியே போகும் கார்கள் யாருடையவை என்று ஒரு தரப்பு கேட்கிறது. "சத்தத்தை விடுங்க சார், புது ஏர் ஃபில்டர் போட்டதிலிருந்து வண்டி சிக்னலில் நின்றுபோகிறது, அதற்கு வழி சொல்லுங்க" என்கிறது இன்னொரு தரப்பு. அவர்கள் நம் பிள்ளைகள்தான். சத்தத்தைப் பற்றிச் செயலாளர் தனியே பேசிக்கொள்வார். நான் இரண்டாவது தரப்புக்காக வந்திருக்கிறேன்.

நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் மாதக் கடைசியில் லெட்ஜர் பேலன்ஸ் எடுப்போம். கணக்கு ஒத்துப்போகாவிட்டால் ராத்திரி ஒன்பது மணியானாலும் வீட்டுக்குப் போக முடியாது. வித்தியாசத் தொகை ஒன்பதால் வகுபட்டால் யாரோ 54-ஐ 45 என்று எழுதியிருக்கலாம். இரண்டால் வகுபட்டால் அதில் பாதித் தொகை தப்பான பக்கத்தில் விழுந்திருக்கலாம். இப்படித்தான் தேடுவோம். ஓய்வு பெற்றதும் பொழுது போகாமல் ஒரு ஸ்கேனர் வாங்கிக் காரில் செருகிப் பார்த்தேன். எஞ்சினும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அதன் பிறகு கையேடு, பழைய மெக்கானிக் நண்பர், பானெட் என்று நாள் ஓடுகிறது. வீட்டில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது இந்தக் கூட்டத்துக்கு வேண்டாம்.

முதலில் காற்றின் அளவைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் ஒழுங்காக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு ஏறக்குறைய 11 கிலோ காற்று வேண்டும், அதாவது 9,000 லிட்டர். நம் மொட்டைமாடி சின்டெக்ஸ் டேங்க் 1,000 லிட்டர். ஒன்பது டேங்க் நிறையக் காற்றை உறிஞ்சினால்தான் ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும். அத்தனை காற்றையும் வடிகட்டி, எஞ்சின் சூடு படாத இடத்திலிருந்து எடுத்து, சத்தம் போடாமல் உள்ளே அனுப்புவதற்காகத்தான் கம்பெனிக்காரன் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியை வைத்திருக்கிறான். பெட்டியை ஒட்டி எதற்கென்றே தெரியாமல் ஒரு வெற்று டப்பாவும் சில வண்டிகளில் தொங்கும். அதற்குப் பெயர் ரெஸனேட்டர். சத்தத்தை அடக்குகிற அறை அது. பல வண்டிகளில் குறைந்த வேகத்தில் இழுவைக்கும் உதவுகிறது. கிட் மாட்டுகிறவர்கள் முதலில் கழற்றிப் போடுவது அதைத்தான்.

அதற்குப் பதிலாக வருவது ஒரு அலுமினியக் குழாய், முனையில் கூம்பு வடிவ ஃபில்டர். மூடி கிடையாது. அப்படியே எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வெயிலில், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் பானெட்டுக்குள் 65 டிகிரி வரை சர்வசாதாரணமாகப் போகும். வெளியே 35 டிகிரி என்று வையுங்கள். சூடான காற்று விரிந்துவிடுவதால் அதே கொள்ளளவில் எடை சுமார் ஒன்பது சதவீதம் குறைகிறது. குழாய் பெரிதாகிவிட்டது, உள்ளே வரும் சரக்கு குறைந்துவிட்டது. ஓடும் சாலையில் இது கொஞ்சம் சரியாகும், நெரிசலில் சரியாகாது. ஆகவே "பிக்கப் போய்விட்டது" என்பது பல நேரம் கோளாறே கிடையாது. வாங்கிய பொருளின் குணம் அது. அதற்குப் பழுது பார்க்கப் போகாதீர்கள்.

உண்மையான கோளாறுகள் வேறு. நின்றுபோவது, ஐடிலிங்கில் ஏறி இறங்குவது, செக் எஞ்சின் லைட் எரிவது, கரும்புகை, பெட்ரோல் வாடை. இவற்றைத் தேடுவதற்கு முன் உங்கள் வண்டி காற்றை எப்படிக் கணக்கெடுக்கிறது என்று தெரிய வேண்டும். இரண்டு முறை உண்டு. சில கார்களில் ஃபில்டருக்கு அடுத்தபடியாகக் குழாயிலேயே ஒரு சென்சார் செருகியிருக்கும். மாஃப் சென்சார் என்பார்கள். உள்ளே முடியைவிட மெல்லிய சூடான கம்பி இருக்கும். காற்று அதைக் குளிரவைக்கக் குளிரவைக்க, எவ்வளவு காற்று போகிறது என்று ஈ.சி.யு. கணக்குப் போடும். வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் ஆள் மாதிரி. நம் ஊர்ச் சிறிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் இது கிடையாது, மாப் சென்சார்தான். அது த்ராட்டிலுக்கு அப்பால் உட்கார்ந்து அழுத்தத்தைப் பார்க்கும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தலையை எண்ணுகிற ஆள் அது.

வித்தியாசம் எங்கே வருகிறது? டோக்கன் ஆளைத் தாண்டி ஒரு சந்து வழியாகக் காற்று நுழைந்தால் அது அவர் கணக்கில் வராது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. கலவை லீன் ஆகிவிடும். தலை எண்ணுகிறவருக்குச் சந்து வழியாக வந்ததும் சேர்த்தே தெரியும். அதனால் மாப் வண்டியில் த்ராட்டிலுக்கு அப்பால் கசிவு இருந்தால் பெரும்பாலும் ஐடிலிங் உயர்ந்து நிற்கும். த்ராட்டிலுக்கு முன்னால் கசிந்தால் வண்டி ஒன்றும் சொல்லாது, ஆனால் வடிகட்டாத தூசி நேராக எஞ்சினுக்குள் போய்க்கொண்டிருக்கும். சொல்லாமல் கெடுப்பதால் அதுதான் மோசம்.

இப்போது ஸ்கேனர். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கத்தில் பதினாறு துளை உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனரை அதில் செருகினால் போனில் எல்லாம் தெரியும். கோட் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஃப்யூயல் ட்ரிம் என்று இரண்டு வரி வரும், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம். எங்கள் பாஷையில் இது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். சென்சார் சொன்ன காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை ஈ.சி.யு. கொடுக்கிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் "போதவில்லை" என்கிறது. உடனே கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறது. அப்படிக் கூட்டியது எத்தனை சதவீதம் என்பதுதான் அந்த எண். கூட்டல் குறி என்றால் கலவை லீனாக இருந்து அது சரிக்கட்டுகிறது. கழித்தல் என்றால் ரிச். ஐந்து, ஆறு சதவீதம் எந்த வண்டியிலும் இருக்கும். பத்தைத் தாண்டினால் தேட வேண்டும். இருபது, இருபத்தைந்தை ஒட்டிப் போனால் இனி என்னால் முடியாது என்று லைட்டைப் போட்டுவிடும். அந்தக் கோட்தான் பி-0171.

என் அக்கா மகன் தாம்பரத்தில் இருக்கிறான். எட்டு வயதான ஒரு 1.5 லிட்டர் பெட்ரோல் செடான் வைத்திருக்கிறான், மாஃப் வண்டி. அக்காவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவன்தான் அழைத்துப் போவான். கிட் மாட்டிய இரண்டாவது வாரத்திலிருந்து வேகம் குறைத்து சிக்னலில் நிறுத்தப்போகும்போது எஞ்சின் அணைந்துவிடும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், சிகிச்சை முடிந்து சோர்ந்துபோன அம்மா பின் சீட்டில். மூன்றாவது தடவை நடந்ததும் அக்கா, "நான் ஆட்டோவிலேயே போயிக்கிறேன்டா" என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு அது சுருக்கென்று தைத்திருக்கிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டான். முதலில் ஸ்பார்க் பிளக், பிறகு இக்னிஷன் காயில், கடைசியில் ஃப்யூயல் பம்ப். மூன்று பில்லும் சேர்த்து 21,400 ரூபாய். வண்டி அப்படியேதான் நின்றது.

பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவர்கள் எப்படி யோசித்தார்கள் என்று தெரிகிறது. கோட் பி-0171, லீன். லீன் என்றால் பெட்ரோல் குறைவு, ஆகவே பம்ப். பெட்ரோல் சரியாக இருந்து காற்று அதிகமானாலும் லீன்தானே? பேலன்ஸ் இடிக்கிறது என்றால் பற்றில் குறைவாகவும் இருக்கலாம், வரவில் அதிகமாகவும் இருக்கலாம். நேற்று வரை ஒத்துப்போன கணக்கு இன்று இடித்தால், நேற்றுக்கும் இன்றுக்கும் நடுவில் யார் எந்தப் பதிவைப் போட்டார்கள் என்று முதலில் பார்ப்போம். அந்த வண்டியில் போடப்பட்ட ஒரே பதிவு கிட்.

ஒரு சனிக்கிழமை நான் போனேன். எஞ்சினை நன்றாகச் சூடாகவிட்டு இரண்டு ட்ரிம்மையும் கூட்டினால் ஐடிலிங்கில் 28. ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்தால் 11. இந்த இரண்டு எண்ணும் போதும். கசிகிற சந்து ஒரே அளவுதான். ஐடிலிங்கில் எஞ்சினுக்குள் போகும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அதில் கசிவின் பங்கு பெரிதாகத் தெரியும். சுற்று ஏறினால் மொத்தம் பெருகும், பங்கு சிறுத்துவிடும். ஐடிலிங்கில் அதிகம், சுற்று ஏறினால் குறைவு என்றால் கசிவைத் தேடுங்கள். தலைகீழாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து மேடு ஏறும்போது கூடுகிறது என்றால்தான் அழுக்கான மாஃப், அடைத்த பெட்ரோல் ஃபில்டர், பலவீனமான பம்ப் எல்லாம் சந்தேகப் பட்டியலில் வரும்.

ஒரு மீட்டர் ரப்பர் ட்யூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்பு இணைப்பாக நகர்த்தினேன். (பெல்ட், ஃபேன் பக்கம் ட்யூபோ கையோ போகக்கூடாது. சட்டை நுனியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் கார்புரேட்டர் ஸ்ப்ரேயை ஓடும் எஞ்சின் மேல் அடித்துக் கசிவு பார்ப்பார்கள். தீப்பிடிக்கும் சமாச்சாரம் அது, வீட்டு ஷெட்டில் வேண்டாம்.) எஞ்சின் தலையிலிருந்து இன்டேக் குழாய்க்கு ஒரு பிரீதர் ஹோஸ் வரும். புதுக் குழாயில் அதற்கு விட்டிருந்த மூக்கு சின்னது, ஹோஸ் பெரியது. மாட்டியவர் பிளாஸ்டிக் டையை இறுக்கி ஒப்பேற்றியிருந்தார். சூட்டில் அது தளர்ந்து ஹோஸ் முக்கால்வாசி கழன்று நின்றது. மூக்கைக் கட்டைவிரலால் அடைத்தேன், "உஸ்" சத்தம் போய் எஞ்சின் ஓட்டம் கொஞ்சம் சமனப்பட்டது. சரியான அளவில் ரப்பர் இணைப்பும் இரண்டு ஸ்டீல் கிளாம்ப்பும் வாங்கி மாட்டி, ஸ்கேனரில் பழைய கணக்கை அழித்துவிட்டு ஓட்டினோம். ஐடிலிங்கில் 7, 2,500-ல் 9.

பெரிய வித்தியாசம் தீர்ந்துவிட்டது. பையன் சந்தோஷத்தில் பானெட்டை மூடப் போனான். நான் விடவில்லை. இப்போது எல்லாச் சுற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு இடிக்கிறது, அதுவும் பத்துக்குப் பக்கத்தில். கசிவு இப்படி நடக்காது. எண்ணுகிறவரே குறைத்து எண்ணுகிறார் என்று அர்த்தம். பேலன்ஸிங்கில் இது சகஜம், ஒரு வித்தியாசத்துக்குள் இரண்டு தப்பு ஒளிந்திருக்கும். மாஃப் சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் கம்பியில் பிசுக்கு. கூம்பு ஃபில்டர் எண்ணெய் போட்ட பருத்தி வகை. எண்ணெயை அள்ளித் தெளித்திருந்தார்கள், அதில் கொஞ்சம் காற்றோடு போய்க் கம்பியில் படிந்து, மேலே தூசி ஒட்டிக்கொண்டது.

இதைச் சுத்தம் செய்வதில் கவனம் வேண்டும். எஞ்சின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். மாஃப் கிளீனர் என்றே தனி ஸ்ப்ரே விற்கிறது, அதை மட்டும் அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர், துணி, காது குடையும் பஞ்சு எதுவும் கூடாது. பிரஷ் பட்டாலே கம்பி போய்விடும். அடித்த பிறகு தானாக உலரவிட்டு, சந்தேகமில்லாமல் காய்ந்த பின் மாட்டுங்கள். புது சென்சார் ஆயிரக்கணக்கில் விலை. நாங்கள் சுத்தம் செய்து மாட்டிய பிறகு ஐடிலிங்கில் 2, 2,500-ல் 3. அக்கா மட்டும் நம்பவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் மறுபடி அந்தக் காரில் ஏறினாள்.

கிட்டைக் கழற்றிவிடேன் என்று கேட்டேன். "சத்தம் பிடிச்சிருக்கு மாமா" என்றான். அவன் காசு, அவன் காது.

மற்ற கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாஃப் சென்சாரைப் பழைய கூட்டிலிருந்து கழற்றி வேறு விட்டமுள்ள குழாயில் செருகினால் கணக்கே மாறிவிடும். பழையது 60 மில்லிமீட்டர், புதியது 70 என்றால் பத்து மில்லிதானே என்று தோன்றும். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் போகும், 36-க்கு 49. அதே காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகிறது, சென்சார் நாலில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்துச் சொல்லும். ஈ.சி.யு.வால் அவ்வளவு தூரம் சரிக்கட்ட முடியாது. அதே விட்டம் உள்ள குழாய் வாங்குவதுதான் வழி. சென்சார் மேல் அம்புக்குறி இருக்கும், அது எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டிய வண்டியையும் பார்த்திருக்கிறேன். காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைப் புதுக் குழாயில் செருக இடமில்லாமல் பிளக்கைத் தொங்கவிட்டிருந்தால் பி-0113 வரும். மாப் வண்டிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எல்லா வண்டிக்கும் பொதுவாக ஒரு சோதனை. ஃபில்டருக்கு அப்பால் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். மண் ஒட்டினால் ஃபில்டர் சரியாகப் பொருந்தவில்லை. அதன் பிறகு ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். நம் ஷெட்டில் எலி வேறு இருக்கிறது, ரப்பர் ஹோஸ் என்றால் அதற்கு முறுக்கு மாதிரி. கடித்த இடத்தையும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

செக் எஞ்சின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வரலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிவிடும். ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

இவ்வளவும் பார்த்துப் புரியவில்லை என்றால் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டுங்கள். அதனால்தான் அதைக் காயலான் கடையில் போடாதீர்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். பழையதை மாட்டியதும் ட்ரிம் இறங்கினால் தப்பு கிட்டில். இறங்கவில்லை என்றால் சென்சார் ஏற்கெனவே கெட்டிருக்கிறது, அல்லது கிட்டுக்கும் கோளாறுக்கும் சம்பந்தமே இல்லை. அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பம்ப் மாற்ற எந்த ஒர்க்‌ஷாப்பையும் விடாதீர்கள்.

கடைசியாக மழை. இதை மட்டும் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். குளிர்ந்த காற்று வேண்டும் என்று நீண்ட குழாயை இறக்கி, ஃபில்டரை முன் பம்பருக்குப் பின்னால் வைக்கிற கிட் ஒன்று உண்டு. வெப்பக் கணக்கில் அது சரி. ஆனால் ஃபில்டர் முழங்கால் உயரத்துக்கும் கீழே இருக்கும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் எப்படி இருந்தன, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அளவுகூட வேண்டாம். நம் சப்வேயில் ஒரு மணி நேர மழைக்கு நிற்கும் தண்ணீரே போதும். நாலு சிலிண்டர் 1.5 லிட்டர் எஞ்சினில், பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சுகிற இடம் சிலிண்டருக்கு 40 மில்லி சொச்சம், மூன்று மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால், காற்றைப் போலத் தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். பல எஞ்சின்கள் உடைவது அந்த இரண்டாவது சாவித் திருப்பலில்தான். தள்ளி ஓரம் கட்டி, டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் வராது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் தனியே எடுக்க வேண்டும். அதை எடுத்திருந்தாலும், கம்பெனி அமைப்பை மாற்றிய விவரத்தை எழுத்தில் தெரிவித்து ஒப்புகை வாங்கிவைப்பது நல்லது. வாயால் ஏஜெண்டிடம் சொன்னேன் என்பது கவுண்டரில் செல்லாது. அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன். பம்பருக்குள் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் அக்டோபர் பிறப்பதற்குள் பழைய பெட்டிக்கு மாறிவிடுங்கள், ஜனவரியில் வேண்டுமானால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். நம் நகரில் அப்படி இரண்டு வண்டி இருக்கிறது, யாருடையவை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழு மணி முதல் ஒன்பது வரை பின்பக்க ஷெட்டில் இருப்பேன். காசு வேண்டாம். வருகிறவர்கள் எஞ்சினைச் சூடாக்கிக்கொண்டு வாருங்கள், குளிர்ந்த எஞ்சினில் ட்ரிம் எண்ணை நம்ப முடியாது. கிட்டோடு வந்த பில், மாட்டிய தேதி, அதன் பிறகு மாற்றிய பாகங்கள், எல்லாவற்றையும் ஒரு தாளில் தேதி வாரியாக எழுதிக் கொண்டு வந்தால் பாதி வேலை முடிந்துவிடும். பழைய ஏர் ஃபில்டர் பெட்டி பரணில் இருந்தால் அதையும் இறக்கிக் கொண்டு வாருங்கள்.